புரொவிஷனிங்: தமிழில் முன்னேற்பாடு

மளிகைக் கடைப் பலகையில் இருக்கும் 'புரொவிஷன்', அலுவலக வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் நாள் முழுக்கச் சொல்லும் 'புரொவிஷனிங்', இரண்டும் ஒரே வேர்தான். லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன், 'விடேரே' என்றால் பார்த்தல் (வீடியோவும் இந்த விடேரேயில் பிறந்ததே). வரப்போவதை முன்கூட்டியே பார்த்து வேண்டியதை எடுத்துவைப்பது என்ற பொருளில் புழங்கிய சொல், கப்பலுக்கும் படைக்கும் சேர்த்துவைக்கும் உணவுப்பொருளைக் குறித்தது, மளிகைக்கும் ஆகிவந்தது. தொலைபேசி நிறுவனங்களோ சந்தாதாரருக்கு இணைப்பைத் தயார்செய்யும் வேலையை இப்படி அழைத்தன. கணினி வலையமைப்பிலும் ஏறக்குறைய அதே பொருள்தான்.

இதை 'வழங்கல்' என்று எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. சர்வருக்கு 'வழங்கி' என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வரும், அது ஒரு பக்கம். வழங்கல் என்றால் கையில் கொடுப்பது. இங்கே நடப்பதோ அதற்கு முந்தைய வேலை.

புதிதாகச் சேர்ந்த ஊழியர் தன் சொந்த ஐபோனோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைஃபையில் சேர்ந்ததும் பிரவுசர் ஒரு பதிவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும், அலுவலகக் கணக்கில் உள்நுழைந்தால் ஒரு புரொஃபைல் இறங்கும், அதை செட்டிங்ஸுக்குள் போய் அவரே இன்ஸ்டால் செய்ய வேண்டும். எந்த வைஃபையில் சேர்வது, எந்த முறையில் தன்னை நிரூபிப்பது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். போனுக்கென்று அடையாள அட்டை போல ஒரு டிஜிட்டல் சான்றிதழும் கிடைத்துவிடும். அப்புறம் போன் அந்தச் சான்றிதழைக் காட்டி 802.1எக்ஸ் (கருவியைச் சரிபார்த்த பிறகே வலையமைப்புக்குள் விடும் நெறிமுறை) வழியாகத் தானே உள்ளே போகும், கடவுச்சொல் கேட்காது. முன்னேற்பாடு என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது, லத்தீனில் இருக்கும் அந்த 'முன்' உட்பட.

விருந்தினர் கதை வேறு. ஒரு நாள் வந்துபோகிறவரின் போனில் எதையும் நிறுவக் கூடாது. வரவேற்பில் இருப்பவர் சில மணிநேரத்துக்கு ஒரு தற்காலிகக் கணக்கு போட்டுக் கொடுத்தால் போதும், தனி விஎல்ஏஎன்னில் (அதே வலையமைப்புக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதியில்) இணையம் மட்டும் கிடைக்கும், உள் சர்வரும் பிரிண்டரும் எட்டாது. பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர். வலையமைப்புக்கும் விருந்தினர் என்றால் முன்பின் தெரியாத கருவிதான். அதனால் இந்த ஏற்பாட்டுக்கு 'விருந்தினர் அனுமதி' என்று தனிப்பெயர் வைப்பதே தெளிவு.

வலையமைப்புக்குள் யாரை, எதை விடுவது என்று தீர்மானிக்கும் சிஸ்கோவின் ஐஎஸ்இ மென்பொருளில் முன்னேற்பாட்டு விதிகளை எழுதும்போது ஆள் யார், இயங்குதளம் எது என்று பார்த்து எழுதுவோம். ஆனால் எந்த விதியிலும் அடங்காத கருவி வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது: நெட்வொர்க்கில் விட்டுவிடலாம், அல்லது ஏற்கெனவே வரையறுத்த அனுமதிக் கொள்கைப்படி நடத்தலாம். முதலாவதை வைத்தால் முன்னேற்பாடே ஆகாத கருவியும் உள்ளே வந்துவிடும், இரண்டாவதையே வையுங்கள்.

இன்னொன்று, வலையமைப்பில் இணையும் போன், லேப்டாப்பைக் குறிக்கும் 'கிளையன்ட் டிவைஸ்' என்பதை 'வாடிக்கையாளர் கருவி' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஊழியரின் லேப்டாப் கடைக்கு வந்த கஸ்டமருடையது போல ஆகிவிடும். 'பயனர் கருவி' போதும்.