பாஸ்டெர்ட்சே: நகரும் பனியும் அது செதுக்கிய பள்ளத்தாக்கும்

ஆஸ்திரியாவின் ஹோஹே டௌவெர்ன், ஆல்ப்ஸ் மலைகளில் உள்ள தேசியப் பூங்காக்களிலேயே மிகப் பெரியது. பரப்பளவு 1,800 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். 1935-ல் திறக்கப்பட்ட மலைச்சாலையில் ஏறினால், 2,369 மீட்டர் உயரத்தில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் பெயர் தாங்கிய காட்சிமுனை வரை வண்டியிலேயே போய்விடலாம். எதிரே 3,798 மீட்டர் உயரத்துக்கு கிராஸ்குளோக்னர் சிகரம். வருகிறவர்கள் பெரும்பாலும் சிகரத்தையும், பாறை இடுக்கில் வெயில் காயும் மர்மாட்டு என்னும் பெரிய மலை அணில்களையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது கீழே, பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பனியாறான பாஸ்டெர்ட்சே அங்கேதான் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் இன்றைய வடிவமே பெரும்பாலும் அது செய்த வேலை.

பனியாறு உருவாவது மேலே, யோஹானிஸ்பெர்க் சிகரத்தை ஒட்டிய உயரங்களில். அங்கே குளிர்காலத்தில் விழும் பனி கோடையில் முழுவதும் உருகாது. மிச்சத்தின் மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். புதுப்பனியில் பெரும்பங்கு காற்றுதான். மேலே பாரம் ஏற ஏற அந்தக் காற்று பிதுங்கி வெளியேறுகிறது, துகள்கள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. பல ஆண்டுகள் கழித்து அது கெட்டியான பனிக்கட்டி. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் குறைவாக இருந்தால் அது நீலமாகத் தெரியும். ஒளி பனிக்கட்டிக்குள் நெடுந்தூரம் போகும்போது சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மட்டும் மிஞ்சுவதே காரணம்.

சரி, சுத்தியலால் தட்டினால் நொறுங்கும் இந்தப் பொருள் எப்படி ஓடுகிறது? சுமார் 30 முதல் 50 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, மேலிருக்கும் பனியின் எடையே அதை வளைய வைக்கிறது. பனிப் படிகங்களின் மூலக்கூறு அடுக்குகள், சாய்த்துப் பிடித்த சீட்டுக்கட்டு போல ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. அதற்கு மேலே உள்ள பனிக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. கீழ்ப்பகுதி இழுத்துப் போகும்போது, மேடு வந்த இடத்தில் அது வெடிக்கிறது. மலையேறிகள் அஞ்சும் பனிப்பிளவுகள் இப்படி உண்டாகின்றன. இது போக, அடியில் கசியும் உருகுநீர் பாறைக்கும் பனிக்கும் நடுவே புகுந்து மொத்தப் பனியாறையும் வழுக்க வைக்கிறது. ஓரங்களில் பாறை உராய்ந்து தடுப்பதால் நடுப்பகுதிதான் வேகமாகப் போகும்.

அப்படி நகரும்போது அடியில் உறைந்து ஒட்டிய கற்கள் பாறையைச் சுரண்டுகின்றன. சாதாரண ஆறு நடுவில் மட்டும் ஆழமாக அரிக்கும். பனியாறோ அடியையும் பக்கங்களையும் சேர்த்தே தேய்க்கும். அதனால்தான் இங்குள்ள பள்ளத்தாக்கு ‘ப’ எழுத்து வடிவில், அகன்ற தரையும் செங்குத்தான சுவர்களுமாக இருக்கிறது. பனி விலகிய பாறையைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: வழவழவென்று மெருகேறியிருக்கும், அதன் மேல் ஒரே திசையில் நீளமான கீறல்கள் ஓடும். பனியாறு எந்தப் பக்கம் போனது என்பதை அந்தக் கீறல்களை வைத்தே சொல்லிவிடலாம். சுரண்டிய தூள் மாவைவிட நைசானது. அதைச் சுமந்து வரும் ஓடை சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடும். கீழே ஏரியில் கனமான தூள் படிந்துவிட, மிதக்கும் நுண்தூள் நீலப்பச்சை ஒளியைச் சிதறடிக்கிறது. ஆல்ப்ஸ் ஏரிகள் பலவற்றின் அந்த நிறத்துக்கு வேறு ரகசியம் இல்லை.

பனியாற்றின் நீளம் வரவு செலவைப் பொறுத்தது. மேலே சேருவது வரவு, கீழே உருகுவது செலவு. பனியாறு பின்வாங்குகிறது என்றால் அது மேல்நோக்கி நகர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பனி எப்போதும் கீழ்நோக்கித்தான் வருகிறது, வருவதைவிட வேகமாக உருகுகிறது, அவ்வளவுதான். புதுப்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அது உருகி அழுக்கேறிய பழைய பனி வெளிப்பட்டதும் வெப்பம் உள்ளே இறங்கும். மெல்லிய தூசிப் படலம் உருகுதலை வேகப்படுத்தும். ஆனால் கற்குவியல் தடிமனாக மூடினால் அதுவே வெயிலைத் தடுத்துவிடும். பாஸ்டெர்ட்சேயின் கீழ்ப்பகுதியில், கிராஸ்குளோக்னர் சிகரத்தை ஒட்டிய பக்கம் கற்களால் மூடிக் கிடப்பதால் அங்கே உருகுதல் மெதுவாக நடக்கிறது.

பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1856-ல் இங்கே வந்தபோது பள்ளத்தாக்கு பனியால் நிறைந்திருந்தது. அதன் பிறகு பனியாறு தன் கன அளவில் பாதியளவு இழந்துவிட்டது. 1879 முதல் அளந்து வருகிறார்கள். 2022-23-ல் மட்டும் அதன் நுனி 200 மீட்டருக்கு மேல் பின்வாங்கியது. பனிக்கு அருகே இறங்குவதற்காக 1963-ல் அமைத்த மலைரயிலின் கீழ் நிலையம் இன்று பனிக்கு வெகு மேலே நிற்கிறது. நெஞ்சை அழுத்தும் காட்சி அது. பனிக்கு அடியிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மரத்துண்டுகளும் வெளியே வந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் பனியாறு சிறியதாக இருந்து, இங்கே காடு வளர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் பூமியின் சுற்றுப்பாதையில் மெல்ல நடந்த மாற்றம். இப்போதைய உருகலுக்குக் காரணம் நாம் எரிக்கும் எரிபொருள்.

1918-ல் ஆல்பர்ட் விர்த் என்ற மர வியாபாரி இந்த நிலத்தை வாங்கி, இயற்கையாகவே விட வேண்டும் என்று ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தார். தேசியப் பூங்கா வந்தது 1981-ல். சட்டம் போட்டுப் பனியை உருகாமல் நிறுத்த முடியாது. அது விட்டுப்போன நிலத்தில் என்ன வேண்டுமானாலும் கட்டலாம் என்ற நிலை வராமல் தடுக்க முடியும், இங்கே தடுத்திருக்கிறார்கள். வெறும் கல்லும் மணலுமான அந்த இடத்தில் முதலில் பாறைப்பூச் செடிகள் வேர் பிடிக்கின்றன, அவை மக்கிய மண்ணில் அப்புறம் புல்லும் குட்டை வில்லோ புதர்களும் வருகின்றன. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று காவலர்கள் சொல்வது இந்தச் செடிகளுக்காகவும்தான்.