இலவம் பஞ்சு ஏன் மூலைக்கு ஓடியது?

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் நான்கைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தேன். மேலே ஒட்டுத்துணி, அடியில் காடாத்துணி, நடுவில் வீட்டுத் தலையணையைப் பிரித்து எடுத்த இலவம் பஞ்சு. கையில் அள்ளினால் எடையே தெரியாது, அவ்வளவு மெது. சுற்றிலும் ஓரம் அடித்து, குறுக்கும் நெடுக்குமாக அடிக்கு ஒரு தையல் ஓட்டினேன். இரண்டாவது சலவையோடு போர்வை போயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சு ஒரு மூலையில் எலுமிச்சம்பழம்போல உருண்டு கிடந்தது. மீதி இடமெல்லாம் வெறும் இரட்டைத் துணி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஜன்னல் கம்பி தெரிந்தது.

மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பஞ்சு எடுத்தது என் தப்பு. பார்க்க வேண்டியது, இழைகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடிக்கின்றன என்பதை.

முதலில், போர்வைக்குள் பஞ்சுக்கு என்ன வேலை? பஞ்சு சூடு தருவதில்லை. சூடு நம் உடம்பிலிருந்துதான் வருகிறது. அதை வெளியே விடாமல் தடுப்பது இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மந்தமாகத்தான் கடத்தும். தண்ணீர் அதைப்போல 20 மடங்குக்கும் மேல் கடத்தும். ஆனால் காற்று சும்மா இருக்காதே. இடம் கிடைத்தால் சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், வெப்பமும் கூடவே போய்விடும். அதைச் சின்னச் சின்ன இடுக்குகளில் அடைத்து நகரவிடாமல் வைப்பதுதான் இழைகளின் வேலை. அதனால் கதகதப்புக்குப் பஞ்சின் எடையைவிடத் தடிமன்தான் முக்கியம். அந்தத் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கவும் வேண்டும்.

இலவம் பஞ்சு அங்கேதான் தோற்றது. பருத்தியில் இழை விதையின் தோலிலிருந்து வளரும். விதையையும் பஞ்சையும் பிரிக்க இயந்திரம் வேண்டும். இலவத்தில் இழை காயின் உள்சுவரில் வளரும், விதையோடு ஒட்டாது. காய் வெடித்தால் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். இலவு காத்த கிளி ஏமாந்தது இப்படித்தான்.

உருப்பெருக்கியில் பார்த்தால் ஓர் இலவ இழை மெல்லிய சுவர் கொண்ட உருண்டைக் குழாய். உள்ளே ஏறக்குறைய 80 சதவீதம் வெறும் பொந்துதான், காற்று நிரம்பியது. வெளியே மெழுகுப் பூச்சு. நீளம் 1 முதல் 3 சென்டிமீட்டர். நீரை உள்ளே விடாமல் மிதக்கும் என்பதால் இரண்டாம் உலகப் போரில் கடற்படையினரின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இதை அடைத்தார்கள். ஆனால் வழவழவென்று, முறுக்கே இல்லாமல் இருக்கும் குழாய்கள் ஒன்றையொன்று பற்றாது. இதைத் தனியாக நூலாக நூற்பதே பெரும்பாடு. நூற்க வராத இழை, தையல் தள்ளித் தள்ளி இருக்கும் போர்வைக்குள் எப்படி நிற்கும்?

பருத்தி இழையும் காய்க்குள் இருக்கும்வரை உருண்டைக் குழாய்தான். காய் வெடித்து உலர்ந்ததும் அது அமுங்கித் தட்டையாகி, ரிப்பனை முறுக்கினதுபோலத் திருகிக்கொள்ளும். அந்தத் திருகுகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால்தான் பருத்தி நூலாகிறது, போர்வைக்குள்ளும் தங்குகிறது. என்றாலும், அடித்து விரித்த வெறும் பஞ்சு என்றால் 3, 4 அங்குலத்துக்கு ஒரு தையல் அவசியம். ஷீட்டாக வரும் பஞ்சில் சில ரகங்களை முள் வைத்த ஊசிகளால் ஆயிரக்கணக்கில் குத்தியிருப்பார்கள். ஊசி இறங்கும்போது முள் இழையைக் கீழே இழுத்துப் பின்னிவிடும். அப்படிப்பட்டது 8 அங்குல இடைவெளியைக்கூடத் தாங்கும். தையலை நெருக்கிக்கொண்டே போகவும் முடியாது. தையல் விழுந்த இடத்தில் போர்வை ஒட்டிவிடும், வெப்பம் அந்தக் கோடு வழியாகக் கசியும்.

பருத்தி ஷீட்டை வாங்கினால் சுருக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 60 அங்குலத்தில் 2, 3 அங்குலம் போய்விடும். துணியும் கூடவே இழுபட்டு மெல்லிய சுருக்கம் விழும். அந்தப் பழைய போர்வைத் தோற்றம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள், ஊற வைக்கலாம் என்று உறையில் போட்டிருந்தால், ஷீட்டை முன்பே நனைத்துக் காயவைத்துவிடலாம்.

பாலியஸ்டர் பஞ்சு வேறு வகை. இழையை நெளி நெளியாகச் செய்திருப்பதால் ஒவ்வொன்றும் குட்டி ஸ்பிரிங். அமுக்கினால் எழும்பும், சுருங்காது, சீக்கிரம் காயும். ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைச் சாதாரணமாகவே பிடித்துவைக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. நம் ஊர் ராத்திரிப் புழுக்கத்தில் இந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். நெசவு இளகிய துணி என்றால் இழை முனைகள் வெளியே எட்டிப்பார்த்து வெள்ளை ரோமம்போல நிற்கும். கறுப்புத் துணியில் பளிச்சென்று தெரியும். இஸ்திரிப் பெட்டியையும் பருத்திச் சூட்டில் வைக்கக் கூடாது, பஞ்சு இளகி அமுங்கிவிடும்.

கடையில் சொல்வதில் சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து தூள் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். கம்பளி என்றால் முடி கருகும் வாடை. கம்பளி ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அருமையானது. வெந்நீரில் அலசித் துவைத்தால் மட்டும் இறுகிவிடும்.

மதுரை வெயிலுக்கு இவை எதுவுமே தேவையில்லை என்பேன். வங்காளத்துக் காந்தாப் போர்வையில் பஞ்சே கிடையாது. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள், அவ்வளவுதான். நைந்த வேட்டி ஒன்றை நடுவில் வைத்துத் தைத்தால் மின்விசிறிக் காற்றுக்குப் போதும்.

அப்புறம், அம்மாவின் போர்வையைப் பிரித்து, பருத்தி ஷீட் வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டேன். சலவைக்குப் பின் அளந்தால் 60 அங்குலம் 58 ஆகியிருந்தது. இலவம் பஞ்சு திரும்பத் தலையணைக்கே போயிற்று. அங்கே நெருக்கி அடைத்திருப்பதால் நகர இடமில்லை. துவைப்பதும் இல்லை, வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் போதும்.