சம்பளச் சீட்டில் தெரியும் அயல்நாட்டுச் சந்தை

ஆடைத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதிவருபவன் நான். கூலி என்பது நம் உழைப்பையும் முதலாளியின் மனத்தையும் மட்டுமே பொறுத்தது என்று மொரிஷியஸில் நம்மவர் பலர் இன்னமும் நம்புவதைக் காண்கிறேன். ஏற்றுமதித் தொழிலைப் பொறுத்தவரை, அதில் பெரும்பகுதி வேறொரு நாட்டின் சுங்க விதியில் தீர்மானமாகிவிடுகிறது.

நம் வீடுகளில் 'ஸோன்' என்று வழங்கும் ஏற்றுமதி மண்டலம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. ஹாங்காங் முதலாளிகள் இங்கே வந்து ஆலை வைத்ததற்கு, அவர்கள் ஊர் ஆடைகளுக்குப் பணக்கார நாடுகள் விதித்த கோட்டா, அதாவது இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு, ஒரு முக்கியக் காரணம். இங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால், நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஐரோப்பா வணிகச் சலுகை தந்த லோமே ஒப்பந்தப்படி, சுங்கவரியும் இல்லை. கரும்புத் தோட்டத்தைத் தவிர வேறு வேலை கண்டிராத பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்கள். மூலதனம் குறைவாகவும் உழைப்பாளர் மிகுதியாகவும் உள்ள நாடு வணிகத்துக்குத் திறந்துவிட்டால் அங்கே கூலி உயரும் என்று பொருளியலாளர்கள் ஸ்டோல்பர், சாமுவல்சன் இருவரும் 1941-இல் காட்டிய கணக்கு, எண்பதுகளில் இத்தீவில் ஏறக்குறைய அப்படியே நடந்தது.

2005 ஜனவரியில் கோட்டா முறை முடிவுக்கு வந்தபோது அதே கணக்கு நமக்கு எதிராகத் திரும்பியது. சீனாவும் வங்கதேசமும் பெருமளவில் சந்தைக்குள் வந்த பிறகு, மலிவான உழைப்பு கிடைக்கும் நாடு என்ற இடம் நமக்கு இல்லை. பல ஆலைகள் மூடின. சாதாரணத் தையல் வேலையின் ஒரு பகுதி மடகாஸ்கருக்குப் போனது. இங்கே மிஞ்சியதில் பெரும்பங்கை வங்கதேசத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஏற்றார்கள். நிலைத்து நின்ற நிறுவனங்கள் சாயப்பட்டறை அறிந்தவரையும், துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கணினியில் வரைபவரையும், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவரையும் தேடின.

நான் கணக்கு எழுதிய ஆலையில் ஒரே தையல் வரிசையில் இருந்த இருவரை மறக்க முடியவில்லை. ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் காலர் மட்டுமே தைத்தவர். கைவேகத்தால், தைத்த எண்ணிக்கைக்குக் கிடைக்கும் பீஸ் ரேட்டும் ஓவர்டைமும் சேர்ந்து அவருடைய சீட்டு எப்போதும் கனமாக இருக்கும். மற்றவர் வேகம் குறைந்தவர். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டே மாதிரி தைக்கும் அறைக்கு மாறி, முழு ஆடையையும் வெட்டித் தைக்கக் கற்றார். ஆலை மூடியபின் இரண்டே மாதத்தில் வேலை கிடைத்தது இரண்டாமவருக்குத்தான். முதலாமவரின் திறமை பொய்யல்ல. அந்த ஒரு வரிசைக்கு வெளியே அதை விலை கொடுத்து வாங்க யாரும் இல்லை.

ஆகவே, சம்பளச் சீட்டை வாங்கியதும் மொத்தத் தொகைக்கு முன்னால் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். ஆர்டர் குறைகிற மாதத்தில் முதலில் கரைவது ஓவர்டைமும் பீஸ் ரேட்டும்தான். உங்கள் பொருளை வாங்கும் நாடு எது, அது வரிச்சலுகையால் வாங்குகிறதா, தரத்துக்காக வாங்குகிறதா என்று கேட்டறிவதும் கடினமன்று.

காலர் தைத்த அந்த அக்காவைச் சென்ற ஆண்டு ரோஸ் ஹில்லில் சந்தித்தேன். மகள், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் உள்ள எபேன் சைபர் நகரில் பிரெஞ்சில் தொலைபேசிச் சேவை செய்கிறாளாம். பெருமையோடு அவளுடைய சீட்டைக் காட்டினார். நல்ல சம்பளம். மகள் வேலை செய்யும் பிரிவு முழுவதும் பிரான்சிலுள்ள ஒரே வாடிக்கையாளருக்காக இயங்குகிறது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டேன். மகளிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.