அணையின் நீர்மட்டமும் யானையின் வருகையும்

மதுரையில் அச்சாகும் நாளிதழ்களில் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டம் ஒரு சிறு கட்டத்துக்குள் வெளிவருவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். மேலூரிலும் சோழவந்தானிலும் வயல் வைத்திருப்பவர்கள் நாற்றுப் பாவலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று முடிவு செய்ய அந்த எண்களைப் பார்க்கிறார்கள். தேக்கடிக்கு எப்போது போனால் யானைகளைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் நான் அந்தக் கட்டத்தையே காட்டுகிறேன். காட்டு விலங்குகள் கண்ணில் படுவதும் படாமல் போவதும் நாட்காட்டியைவிடத் தண்ணீரையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கு நோக்கி அரபிக்கடலுக்கு ஓடிய ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிவிடுகிறது. அணைக்குப் பின்னால் சுமார் 26 சதுர கிலோமீட்டரில் தேங்கியிருக்கும் தேக்கடி ஏரி வட்டமான குளம் போன்றதன்று. மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றுக்குள்ளும் நீர் புகுந்து நிற்பதால், விரித்து வைத்த கைவிரல்களைப் போல அது கிளை கிளையாகக் கிடக்கிறது. அதனால் அதன் பரப்புக்கு ஒப்பிடும்போது கரையின் நீளம் மிக அதிகம். நீர்மட்டம் 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியை நெருங்கும் நாட்களில் தண்ணீர் காட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அப்போது விலங்குகள் மரங்களின் மறைவிலேயே நீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன; படகில் இருப்பவர் காண்பது பசுமையான ஒரு சுவரைத்தான்.

மழை ஓய்ந்து, கம்பம் பள்ளத்தாக்கின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் தண்ணீர் எடுக்க எடுக்க, தை மாதத்திலிருந்து மட்டம் இறங்கத் தொடங்குகிறது. கரை சரிவாக இருக்கும் இடங்களில் மட்டம் ஓர் அடி குறைந்தாலே பல அடி அகலத்துக்குச் சேறு வெளிப்படுகிறது. பல மாதங்கள் நீருக்குள் மூழ்கிக் கிடந்த அந்த மண்ணில் மரங்கள் வேர்பிடிப்பதில்லை. ஈரமும் வண்டலும் முழு வெயிலும் ஒன்றுசேர்வதால் புல் மட்டும் விரைவாக முளைக்கிறது. அதே காலத்தில் மலைச்சரிவுகளில் உள்ள புல் முற்றிக் காய்ந்து, நார் மிகுந்து, புரதம் குறைந்து போகிறது. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் தேவைப்படும் யானைக்கு, இளம்புல்லும் நீரும் ஒரே இடத்தில் கிடைக்கும் கரையை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. மதுரை வட்டாரத்து வயலுக்கும் குழாய்க்கும் வந்து சேரும் அந்த நீர் வடிந்து போன இடத்தில்தான் யானையின் மேய்ச்சல் நிலம் உருவாகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைந்ததில்லை.

கரையில் மேயும் யானையைச் சற்று நேரம் உற்றுக் கவனிப்பது நல்லது. புல் குட்டையாக இருந்தால் அது முதலில் முன்காலின் நகத்தால் தரையைச் சீய்த்து வேரைத் தளர்த்துகிறது. தும்பிக்கையின் நுனியால் கொத்தாகச் சுற்றி இழுக்கிறது. இழுத்த கொத்தை உடனே வாயில் வைக்காமல், முன்காலில் இரண்டு மூன்று முறை அடித்து மண்ணை உதிர்க்கிறது. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப் பற்கள் வரும். கடைசித் தொகுதியும் தேய்ந்துவிட்டால் அதனால் மெல்ல இயலாது. மணல் கலந்த புல் பற்களை விரைவில் தேய்த்துவிடும் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த இரண்டு மூன்று அடிகளின் அருமை விளங்கும்.

நம் பக்கத்தில் காட்டெருமை என்று அழைக்கப்படும் காட்டுமாடும், மிளாவும், காட்டுப்பன்றியும் அதே பசுமையை நாடி வருகின்றன. வெட்டவெளியில் வேட்டை விலங்கு ஒளிந்து நெருங்குவது கடினம் என்பது மிளாவுக்குக் கூடுதல் பாதுகாப்பு; செந்நாய்க் கூட்டம் துரத்தும்போது அது தண்ணீருக்குள் பாய்ந்து நிற்பதும் உண்டு.

பங்குனி, சித்திரையில் போயும் ஒன்றையும் பார்க்கவில்லை என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் கோடை மழையைக் கணக்கில் கொள்ளாதவர்கள். இரண்டு நாள் நல்ல மழை பெய்தாலே காட்டுக்குள் இருக்கும் ஓடைகளிலும் பள்ளங்களிலும் நீர் தேங்கி, சரிவுகளில் புதுப்புல் தளிர்த்துவிடுகிறது. கரைக்கு வந்தே தீரவேண்டிய கட்டாயம் நீங்குவதால் விலங்குகள் காடெங்கும் பரவிவிடுகின்றன. எனவே மாதத்தைப் பார்த்து முன்கூட்டியே நாள் குறிப்பதைவிட, இரண்டு வாரங்கள் தொடர்ந்து மழை இல்லாமலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டும் இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. நேரத்தைப் பொறுத்தவரை காலையின் முதல் படகும் மாலையின் கடைசிப் படகும் சிறந்தவை. யானைக்கு வியர்வைச் சுரப்பிகள் அநேகமாக இல்லாததால் காதுகளை விசிறியும் சேற்றைப் பூசியுமே உடல் வெப்பத்தைத் தணிக்க வேண்டியிருக்கிறது. உச்சிவெயிலில் அது நிழலை விட்டு வெளியே வர விரும்புவதில்லை.

மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வந்தால் இந்தக் கணக்கு இடம் மாறுகிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றுடன் வருகிறது. கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாய்ந்த பிறகு, நீர் தேங்கும் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள் நீரால் சூழப்பட்ட தீவுகளாகிவிடுகின்றன. காட்டுப்பூனையும் கீரியும் எளிதில் நெருங்க முடியாத அந்த மரங்களில்தான் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. மதுரையிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா முதலியவற்றை அங்கே பார்க்கலாம். அவற்றை மிரட்டக்கூடாது என்பதற்காக அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி கிராம மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

குஞ்சுகள் பொரித்து வளரும் மார்கழி, தை, மாசியில் கண்மாய் நீர் மெல்ல வற்றுவது பறவைகளுக்குக் கேடு என்று தோன்றலாம். உண்மையில் அது குஞ்சுகளுக்கு உணவு கிடைக்கும் காலம். நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் சிறிய பரப்பில் நெருக்கமாகச் சேர்கின்றன. மஞ்சள்மூக்கு நாரை இரையைக் கண்ணால் தேடுவதில்லை. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு இங்கும் அங்கும் அசைத்தபடி, காலால் சேற்றைக் கிளறி நடக்கிறது. ஏதேனும் ஒரு மீன் அலகில் பட்ட கணத்தில் அது மூடிக்கொள்கிறது. இப்படித் தொட்டுணர்ந்து பிடிக்கும் முறை, முழங்கால் அளவு நீரில் மீன்கள் நெருங்கிக் கிடந்தால்தான் பலன் தரும். நிறைந்த கண்மாயில் அந்த நாரை பட்டினி கிடக்க நேரிடும்.

இந்தத் தண்ணீர்க் கணக்குக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத ஓர் உயிரும் நம் அருகில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் வாழும் சாம்பல் நிற மலை அணில் மரத்தின் உச்சியிலேயே வாழ்நாளைக் கழிப்பது; தனக்காக 1988-இல் உருவான அந்தச் சரணாலயத்தில் அது புளியும் மாவும் காய்க்கும் காலத்தையே பின்பற்றுகிறது. 2021-இல் அந்தக் காடு மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமானது. இலையுதிர்ந்து பார்வை நன்றாக எட்டும் கோடைதான் மலையில் தீ பரவும் காலமும் ஆகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட ஒரு தீயில்தான். ஆகவே வனத்துறை அக்காலத்தில் மலையேற்றத்தை நிறுத்திவைத்தால் அதை மீறி ஒருபோதும் செல்லக்கூடாது. படகுக்குத் தீயின் அச்சம் இல்லை.

மாசி முடிந்து வேட்டங்குடியில் கடைசிக் குஞ்சுகளும் சிறகு முளைத்துப் பறந்து, கண்மாயின் உள்வாய் வெடித்துக் கிடக்கும் வாரங்களில், தேக்கடிக் கரையின் சேற்றில் புதுப்புல் எழும்பத் தொடங்கியிருக்கும்.