ஒவ்வாமையும் "ஒத்துக்காது" என்பதும்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா மீன்காரரிடம் சொன்னார்: "இறால் வேண்டாம்பா, சின்னவனுக்கு ஒத்துக்காது. அவனுக்குத் தூசியும் அலர்ஜி." இறாலுக்கு ஒரு சொல், தூசிக்கு இன்னொரு சொல். இரண்டும் ஒரே சங்கதிதான். சாப்பாடு என்றால் நம் வாயில் தமிழ் தானாக வருகிறது, மூக்கும் தோலும் என்றால் அலர்ஜிக்குத் தாவிவிடுகிறோம்.

'அலர்ஜி' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே உருவாக்கியது. குதிரைக் குருதியிலிருந்து எடுத்த மருந்தை இரண்டாம் முறை ஊசியில் போட்டபோது, சில பிள்ளைகளின் உடல் முதல் முறையைவிட விரைவாகவும் கடுமையாகவும் எதிர்த்ததை அவர் கவனித்தார். கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். உடல் வேறு விதமாகச் செயல்படுகிறது என்பதே பொருள். நம் 'அலர்' என்ற பூவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தமிழில் ஒவ்வாமை. இதைப் பாடநூலுக்காகச் செய்த சொல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. 'ஒவ்வு' என்றால் பொருந்து, இணையாக இரு. அதோடு எதிர்மறை 'ஆ', பிறகு 'மை'. அறியாமை, இயலாமை எல்லாம் இதே அச்சில் வார்த்தவைதான். "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா" என்ற 972ஆம் குறளில் 'ஒக்கும்', 'ஒவ்வா' இரண்டும் ஒரே அடியில் நிற்கின்றன. சந்தையில் அந்த அக்கா சொன்ன 'ஒத்துக்காது'வும் அதே 'ஒ' வேரில் கிளைத்ததுதான். ஆகவே ஒவ்வாமை என்று சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை, பாதிச் சொல் ஏற்கனவே நம் வாயில் இருக்கிறது.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. இது எந்தப் பொருளையும் நஞ்சு என்று குற்றம் சாட்டுவதில்லை. ஒரே தலையணையில் அப்பா நிம்மதியாகத் தூங்குவார், மகள் விடியற்காலையில் அடுக்கடுக்காகத் தும்முவாள். இருவருக்கும் தலையணை ஒன்றுதான். மகளுக்கு அது ஒவ்வவில்லை, அவ்வளவே.

சரி, அந்த ஒவ்வாமையைக் கிளப்பும் பொருளுக்கு என்ன பெயர்? 'ஒவ்வாமையூக்கி' என்பார்கள், 'ஒவ்வாப்பொருள்' என்றும் எழுதலாம். வீட்டுப் பேச்சுக்கு எனக்கு இரண்டாவதுதான் இலகுவாக இருக்கிறது.

நாம் தூசி என்று திட்டுவதில் பெரும் பழி தூசி உண்ணியின் மீது விழவேண்டும். மில்லிமீட்டரில் கால் பங்கு அளவு, எட்டுக் கால்கள், கண்ணுக்குத் தெரியாது. நாய் மேல் ஒட்டும் உண்ணியைப் போல இது கடிப்பதில்லை, நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்று வாழ்கிறது. இதில் ஒரு வகைக்கு அறிவியலார் வைத்த டெர்மட்டோஃபகாய்டஸ் என்ற பெயரிலும் தோலும் தின்பதும்தான் இருக்கின்றன. நம் 'உண்ணி'யிலும் உண்பது இருக்கிறது, பாருங்கள். சிங்கப்பூரில் பிளோமியா டிராப்பிகாலிஸ் என்ற இனமும் ஏராளம். இவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர் அவற்றுக்குச் சொர்க்கம். மூக்கை உறுத்துவது பெரும்பாலும் உயிரோடு இருக்கும் உண்ணி அல்ல, அதன் எச்சத்தில், அதாவது கழிவில், உள்ள புரதம்.

இங்கே நம் மொழிப்பழக்கமே நமக்கு எதிரி. 'தூசி தட்டுவது' என்கிறோம். தட்டினால் எச்சம் காற்றில் எழுந்து நேரே மூக்குக்குள் போகும். காலை வெயில் சன்னல் வழியே சாய்வாக விழும்போது மெத்தையை ஒருமுறை கையால் அடித்துப் பாருங்கள், எத்தனை துகள் மினுக்கிக்கொண்டு மிதக்கிறது என்று தெரியும். தட்டுவதை விட்டு ஈரத்துணியால் துடையுங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைத்தால் உண்ணி சாகும், எச்சமும் கழுவிப் போகும். வெறுமனே வெயிலில் காயவைத்தால் எச்சம் அங்கேயே தங்கிவிடும். மூங்கில் கழியில் தொங்கவிடுமுன் துவைத்தாகவேண்டும். மெத்தைக்கு இறுக்கமான ஜிப் உறையும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் சாம்பிராணி. அந்தப் புகையில் தும்மினால் உடனே ஒவ்வாமை என்று சொல்லிவிட முடியாது. புகை எவர் மூக்கையும் எரிக்கும், அதற்கு 'எரிச்சல்' என்ற சொல் போதும். ஏற்கனவே ஒவ்வாமையால் வீங்கிய மூக்கென்றால் இன்னும் கூடுதலாக எரியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து வைத்து, பிள்ளையை வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சொல், கரப்பான். பழைய வழக்கில் அது சொறியும் தடிப்பும் வரும் தோல் நோய். கத்தரிக்காயையும் கருவாட்டையும் 'கரப்பான் பண்டம்' என்று பாட்டிமார் ஒதுக்கினார்கள். அதே பெயரில் பூச்சியும் இருக்கிறது. அந்தப் பூச்சியின் எச்சமும் உடல் துகளும் உண்மையிலேயே மூச்சிரைப்பைத் தூண்டும் ஒவ்வாப்பொருள். அதனால் இரவில் எச்சில் தட்டைக் கழுவாமல் விடாதீர்கள், சமையலறைக் குப்பைக் குழாயின் மூடியையும் அழுத்தி மூடுங்கள்.