சுருக்குப்பையைக் கொட்டுங்க அப்பத்தா

இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் பெரியவர்களுக்கு மூலிகை பற்றிச் சொல்லப் போகும்போது, சித்த மருத்துவரான நான் தூதுவளையிலிருந்தோ சுக்கிலிருந்தோ ஆரம்பிப்பதில்லை. அதெல்லாம் அவர்கள் எனக்கே சொல்லித் தருவார்கள். முதலில் பையைப் பாயில் கொட்டச் சொல்வேன்.

போன மாதம் ஓர் அப்பத்தா சுருக்குப்பையைக் கொட்டினார். வெற்றிலை, பாக்கு, பிரஷர் மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, காகிதத்தில் மடித்த ஒரு பொடி. பொடி நிலாவரை, மலமிளக்கும் இலை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும் தாயி. ராத்திரி ஒரு கரண்டி போட்டாத்தான் காலையில வயிறு இறங்குது."

கெண்டைக்கால் இழுக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது என்றும் சொன்னார். மாத்திரை எழுதிய டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொல்லவே இல்லை. "அது இலைதானே!"

நிலாவரை நல்ல மருந்துதான், நம் மாவட்டத்து வறண்ட மண்ணிலேயே விளைவது. பெருங்குடலைத் தூண்டிவிடும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பொட்டாசியம் என்ற உப்பு மலத்தோடு போய்விடும். நீர் மாத்திரைகளில் பலவும் அதே உப்பைச் சிறுநீரில் இறக்குபவை. இரண்டும் சேர்ந்தால் தசை தளரும். இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒரு வாரத்துக்கு மேல் நிலாவரையைத் தொடர வேண்டாம் என்பேன். அப்பத்தாவை அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

சரி, மலச்சிக்கல் எதனால்? கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் கடைசியாகக் குடிப்பது கிழவிதான். பல் போனதால் காய்கறி கிடையாது, கஞ்சியும் கருவாடும்தான். கருவாட்டு உப்பு பிரஷரை ஏற்றுகிறது, அதற்கு நீர் மாத்திரை. இதை எந்தச் சூரணம் தீர்க்கும்? மருமகளைக் கூப்பிட்டு, கீரையைக் குழைய மசித்துக் கொடுக்கவும், அப்பத்தாவுக்கென்று ஒரு செம்புத் தண்ணீர் தனியாக எடுத்துவைக்கவும் சொன்னேன்.

இருமலுக்கு வாயில் அடக்கும் அதிமதுரமும் அளவு மீறினால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தையும் இறக்கும். ஆவாரம்பூ குடிக்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு என்னிடம் திட்டுதான்.

இந்த வாரம் போனபோது அப்பத்தா பக்கத்து வீட்டுக்காரியின் பையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். "இதையும் பாரு தாயி, இவ நாலு பொடி வச்சிருக்கா."