லாக்கப் அடைத்த பிறகு: சிறையில் கட்டுக்கடங்காத பாலியல் உந்துதல்

காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் பஸ் ஏறி மதுரை மத்திய சிறைக்குப் போய், மனு போட்டுப் பார்க்கும் மனைவி கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விதான். சாப்பிட்டீங்களா, வக்கீல் வந்தாரா, உடம்பு எப்படி இருக்கு. அந்தப் பக்கம் நிற்பவர் "தூக்கமே இல்ல" என்பார். பக்கத்தில் வார்டர் நிற்கும்போது அதற்கு மேல் பேச முடியாது. அந்தத் தூக்கமின்மைக்குப் பின்னால் சிலருக்கு இருப்பது, வெளியே சொல்லக் கூசும் ஒரு சிக்கல்.

மாலை ஆறு மணி வாக்கில் எண்ணிக்கை எடுத்து லாக்கப் அடைத்தால், திறப்பது மறுநாள் காலையில்தான். 12 மணி நேரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜாமீன் என்னாகும் என்ற கவலை ஒரு பக்கம், வீட்டு நினைப்பு ஒரு பக்கம். சுயஇன்பம் அப்போது கொஞ்ச நேரம் மனதை அமர்த்தும், தூக்கத்தையும் கொண்டுவரும். அதில் நோய் எதுவும் இல்லை. பதட்டம் வந்தால் அது, கோபம் வந்தால் அது, மனு நாளில் யாரும் வராவிட்டாலும் அது என்று ஆகி, வேறெதுவும் கைகொடுக்காத நிலை வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எத்தனை தடவை என்று எண்ணி இந்த நோயைக் கண்டுபிடிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தைக் கோளாறு அதில் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளில் ஒன்று. ஆறு மாதமோ அதற்கு மேலோ அடக்க முடியாமல் நீடிக்க வேண்டும். வேலை, உடல்நலம், உறவு என்று ஏதாவது பாதிக்கப்பட வேண்டும், அல்லது ஆள் கடுமையாக அவதிப்பட வேண்டும். இன்பமே இல்லாமல் போன பிறகும் விட முடியாதது முக்கியமான அறிகுறி. சிறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: தோல் உரிந்து புண்ணான பிறகும் நிறுத்த முடியாது, பகலில் வேலைக்கூடத்துக்குப் போகாமல் படுத்துக் கிடப்பார்.

அதே வகைப்பாடு இன்னொன்றையும் சொல்கிறது: "தப்பு செய்கிறோமே" என்ற குற்ற உணர்வு மட்டும் இருந்தால் அது நோயாகாது. நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் 'பரம்பரை வைத்தியர்' விளம்பரங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு சொட்டு விந்து 40 சொட்டு ரத்தம் என்ற கணக்கு மண்டையில் ஏறியிருக்கும். அது வெறும் கட்டுக்கதை. நரம்பு தளராது, ஆண்மையும் போகாது. ஆனால் அந்தப் பயம் பதட்டத்தைக் கூட்டும், பதட்டம் மறுபடி அதே வழிக்குத் தள்ளும்.

விரதமும் இங்கே கவிழ்த்துவிடும். குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டு "இனி தொடவே மாட்டேன்" என்பார். நாலாம் நாள் தவறும். "அதான் கெட்டுப்போச்சே" என்று அன்றைக்கே மூன்று மடங்காகும். சாமி கும்பிடுவது நல்ல ஆறுதல்தான், சபதம் மட்டும் வேண்டாம்.

சிகிச்சையில் முதல் வேலை கணக்கு வைப்பது. வெளியே இருப்பவருக்கு நோட்டு போதும். உள்ளே நோட்டை எழுதினால் பக்கத்துப் பாய்க்காரர் படிப்பார், அப்புறம் பிளாக் முழுக்கக் கேலி. அதனால் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் குறி போடலாம்: உந்துதல் வந்தால் புள்ளி, கடந்துவிட்டால் புள்ளியைச் சுற்றி வட்டம், தவறினால் கோடு. மேலே, நடுவே, கீழே என்று குறி விழும் இடமே மாலை, இரவு, விடியலைக் காட்டும். இரண்டு வாரத் தாள்களை அடுக்கிப் பார்த்தால், மனு நாள் இரவிலும் வாய்தா நாளுக்கு முந்தின இரவிலும் புள்ளிகள் குவிந்திருப்பது தெரியும். எந்த இரவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்பது அப்போது பிடிபடும்.

உந்துதல் அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் 20 அல்லது 30 நிமிடத்தில் தானாக இறங்கும். படுத்துக்கொண்டே அதோடு மல்லுக்கட்டினால் தோல்விதான். எழுந்து உட்கார்ந்து, பாதம் இரண்டையும் குளிர்ந்த தரையில் பதித்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விட வேண்டும். பத்துச் சுற்று போதும். பிறகு எழுந்து முகம் கழுவுவது, துணி மடிப்பது, கடிதம் எழுதுவது. பகல் தூக்கத்தை நிறுத்தாவிட்டால் இதெல்லாம் பாதி பலன்தான்.

வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தூங்காமலேயே உற்சாகம் பொங்கி, பேச்சும் வேகமும் கூடினால் அது அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். கை நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளும் உந்துதலைத் தூண்டும். டேபென்டடால் போன்ற அபின் வகை வலி மாத்திரைப் போதையிலிருந்து வந்தவருக்கு, அது நின்ற முதல் நாட்களில் விந்து தானாக வெளியேறலாம். கைதி இதைப் பார்த்துப் பயந்துபோவார். சில வாரத்தில் சரியாகும்.

தேவைப்பட்டால் செர்ட்ரலின், ஃப்ளூக்ஸெடின் போன்ற மாத்திரை தருவார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதே வழக்கமான தவறு. இருமுனைக் கோளாறைக் கவனிக்காமல் இதை மட்டும் கொடுத்தால் வேகம் தலைக்கேறும். நால்ட்ரெக்ஸோன் மாத்திரை சிலருக்கு உதவும், ஆனால் அபின் வகைப் போதை உடம்பில் இருக்கும்போது கொடுத்தால், போதையைத் திடீரென விட்டது போன்ற கடும் விலகல் அவதி வரும். அந்தப் போதை நின்று குறைந்தது ஏழு முதல் பத்து நாள் கழிந்திருக்க வேண்டும்.

அடுத்தவரை வற்புறுத்துவது இந்தக் கோளாறின் கணக்கில் வராது. அது வன்முறை, அதற்கு நோய்ப் பெயரைச் சாக்காக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் சிறை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கத்தில் நாலு நாள் தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

குடும்பத்தார் கடிதத்தில் இதைப் பற்றி எழுத வேண்டாம், தணிக்கை உண்டு. "தூக்கமில்லை, பதட்டம் அதிகம், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தால் போதும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கைதிக்கும் பொருந்தும். மற்றதை மருத்துவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

விடுதலைக்குப் பின் முதல் மாதம் இன்னொரு கட்டம். வளவை, அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றி உறவுகள் நிறைந்த வீட்டில் பகலெல்லாம் விசாரிப்பு, இரவில் கையில் புது செல்போன். உள்ளே இல்லாத ஆபாச வீடியோ இப்போது விரல் நுனியில். போன் ராத்திரி முகப்பில் சார்ஜில் கிடக்கட்டும், படுக்கும் இடத்துக்கு வேண்டாம். மனைவியோடு பழையபடி நெருங்க நாளாகும். அதை அவர் மேல் சந்தேகமாக மாற்றிவிடாமல் இருவரும் சேர்ந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும் எடுத்துப் போங்கள்; கூச்சத்தில் வாய் வராவிட்டாலும் மருத்துவருக்கு அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.